எழுத்துப் பூட்டு

"கறண்டு போனா போட்ட ஓட்டு ஒக்க போயிருமா, ஷிஜா?"

பிரேமகுமாரி டீச்சர் சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டே கேட்டார். காஞ்சிரங்குளத்திலிருந்து தேர்தல் அதிகாரியாக வந்தவர் அவர். மாங்காட்டுவிளை சபையில் அவருக்கு ஒரு உறவும் இல்லை. அதற்காகவே அவரை அழைத்திருந்தார்கள்.

"போவாது டீச்சர். ஒவ்வொரு ஓட்டையும் மெஷின் சிப்பில எழுதிப் போடும். கறண்டு போனாலும் சிப்பில இருக்கும்."

"சிப்பெப் பூட்டியாச்சுண்ணில்லா நேத்து பறஞ்ச? பூட்டினா எழுத முடியாதுண்ணும் பறஞ்ச."

"அது நேத்தாக்கும் டீச்சர். இண்ணைக்குக் காலையில பூட்டெத் தெறந்து..."

ஷிஜா நிறுத்தினாள். எப்போது திறந்தோம் என்று யோசித்தாள்.

டீச்சர் மீன் துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். பதில் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். மண்டபத்தின் மறுபக்கம் வரிசை நகர்ந்தது. அட்டை மறைப்புக்குப் பின்னால் யாரோ பொத்தானை அழுத்த, பீப் என்று சத்தம் வந்தது. மேசைமேல் இருந்த சின்னத் திரையில் மொத்த எண்ணிக்கை ஒன்று கூடியது.

ஷிஜா கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை மூடினாள்.

அந்த இயந்திரத்தை அவள்தான் செய்தாள். நெய்யாற்றின்கரையில் பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது செய்த புராஜெக்ட் அது. போன முறை சபைச் செயலாளர் தேர்தலைச் சீட்டு போட்டு நடத்தினார்கள். எண்ணியபோது ஆட்களைவிடச் சீட்டு அதிகம். அடிதடி நடந்தது. மறுநாள் பெட்டி கிணற்றில் கிடந்தது. இந்த முறை போட்டியிடும் இருவரில் ஒருவரான சத்தியராஜ் அவளுடைய சித்தப்பா. அவர்தான் கமிட்டியில் எழுந்து, "எனக்க அண்ணன் மவ ஒரு மெஷின் செய்திருக்காளாக்கும்" என்று சொன்னார். எதிரே நின்ற பொன்னுதாஸ், "உங்க அண்ணன் மவ செய்தா உங்களுக்கில்லா ஓட்டு விழும்" என்றார். அதனால்தான் நேற்று எல்லார் முன்னிலும் சோதனை வைத்தார்கள்.

சோதனையை அவள் மனதில் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள்.

யாருக்கும் குறை வேண்டாம் என்று ஆலயத்துப் போதகர் நேசமணி அச்சன் சொன்னதால், இரு பக்கமும் நான்கு நான்கு வாக்குப் போட்டார்கள். பிறகு பொன்னுதாஸ் கேட்டார்.

"எண்ணி முடிச்ச பெறகு ஆரும் மாத்த முடியாதுண்ணு என்ன உறப்பு?"

அவள் மடிக்கணினியிலிருந்து ஒரு கட்டளை அனுப்பினாள். சிப்புக்குள் அதற்கென்றே ஒரு சிறிய இடம் உண்டு. அங்கே இரண்டு பிட்டுகளை ஒன்று என்று வைத்துவிட்டால், அதன்பின் சிப்பை வாசிக்கலாம், எழுத முடியாது. எழுத்துப் பூட்டு. இயந்திரத்தை அணைத்துப் போட்டாள். நான்கு, நான்கு. பொத்தான்களை மாறி மாறி அமுக்கச் சொன்னாள். அணைத்துப் போட்டாள். அப்போதும் நான்கு, நான்கு.

"இனி இதெத் தெறக்கது எப்படி?"

"இந்தக் கிளியர் பொத்தானெ அமுக்கினா பூட்டும் தெறக்கும், பூஜ்யமும் ஆவும்."

பொன்னுதாஸ் சிரித்தார். "வெளியில இருக்க பொத்தானெ அமுக்கினாத் தெறக்குமெங்கி அது பூட்டா, பிள்ளே? எனக்க வீட்டுப் பூனகூடத் தெறக்குமே."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மடிக்கணினியை மறுபடி திறந்தாள். அங்கேயே உட்கார்ந்து நிரலில் மூன்று வரிகளை நீக்கினாள். கிளியர் பொத்தான் இனி பூஜ்யம் மட்டும் ஆக்கும். பூட்டை மடிக்கணினியால்தான் திறக்க முடியும். அவர் திருப்தியானார். உடனே மெழுகுவர்த்தி வந்தது, அரக்கு வந்தது. மடிக்கணினி செருகும் துளைமேல் அரக்கை உருக்கி, சபை முத்திரையை அழுத்தினார்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருப்பதுபோல் அவளுக்கு அப்போது தோன்றியது. கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கி நின்றாள். அதற்குள் அரக்கு ஆறிவிட்டது.

இன்று காலை டீச்சர் கிளியர் பொத்தானை அமுக்கினார். திரையில் பூஜ்யம், பூஜ்யம். இரு பக்கத்தாரும் பார்த்துத் தலையசைத்தார்கள்.

அந்தப் பூஜ்யம் திரையில் மட்டும்தான். சிப்புக்குள் நான்கும் நான்கும் அப்படியே இருந்தன. காலையிலிருந்து விழுந்த வாக்குகள் எல்லாம் இயந்திரத்தின் தற்காலிக நினைவில், மின்சாரம் இருக்கும்வரை மட்டும் இருந்தன. ஒவ்வொரு பீப்புக்கும் இயந்திரம் சிப்பிடம் எழுது என்று சொன்னது. பூட்டிய சிப் அதை மறுப்பதில்லை. கட்டளையைக் கடைசிவரை வாங்கிக்கொள்ளும். எழுதாது. எழுதவில்லை என்றும் சொல்லாது. திரும்ப வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். வாசித்துப் பார்க்கும் வரிகளை அவள் எழுதியிருக்கவில்லை. வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தபோதெல்லாம் சரியாகவே எழுதியது.

திரையில் மொத்தம் முந்நூறைத் தாண்டியிருந்தது.

அவள் இயந்திரத்திலிருந்து போகும் கம்பியைப் பார்த்தாள். கம்பி ஒரு அடாப்டருக்குப் போனது. அடாப்டர் சுவரிலிருந்த பிளக்கில் இருந்தது. பேட்டரி வைக்கவில்லை. சிப் இருக்கும்போது பேட்டரி எதற்கு என்று விட்டிருந்தாள். ஆலயத்தில் இன்வெர்ட்டர் உண்டு, இந்த மண்டபத்தில் இல்லை.

மடிக்கணினி பைக்குள்தான் இருந்தது. அரக்கை உடைத்தாலும் பயனில்லை. மடிக்கணினியைச் செருகிய உடனே இயந்திரம் முதலிலிருந்து தொடங்கும். தற்காலிக நினைவு அழிந்துவிடும்.

அவள் எழுந்து வெளியே போனாள். சித்தப்பா அயனி மரத்தடியில் தன் ஆட்களோடு நின்றார். அவளைப் பார்த்ததும் தனியே வந்தார்.

"என்னட்டி, முகம் வெளறிக் கெடக்கு? உண்டியா?"

அவள் சொன்னாள். தணிந்த குரலில், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"ஆருக்கும் தெரியாது."

அவர் கிழக்கே பார்த்தார். ஒற்றசேகரமங்கலம் பக்கத்து மலைகளுக்குமேல் வானம் கறுத்திருந்தது. ஐப்பசியில் மதியம் திரும்பினால் இடியும் மழையும் வரும். முதல் காற்றிலேயே மின்சாரம் போகும்.

"மிண்டாத. வாயத் தெறக்காத" என்றார்.

"சித்தப்பா, கறண்டு போனா..."

"போனா போட்டு. நம்ம ஆளுவ பாதிப் பேரு நாகருகோயிலு கலியாணத்துக்குப் போயிருக்கினும். இண்ணைக்கு எண்ணினா நான் தோப்பேன். பொறவு ஒரு நாளு வச்சா அப்படி இல்ல." அவர் அவள் தோளைத் தட்டினார். "நீ ஒரு தப்பும் செய்யண்டாம், மக்கா. சும்மா இருந்தாப் போரும்."

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கம். வகுப்பில், கமிட்டியில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எல்லாம் அப்படித்தான் இருந்தாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். சம்மதம் என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பிறகு அவள் பாட்டுக்கு இருப்பாள்.

பீப். ஒரு கிழவர் இரண்டு கையாலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மறைப்பிலிருந்து வந்தார். "எனக்க ஓட்டு விழுந்துதா, பிள்ளே?" என்று அவளிடம் கேட்டார்.

"விழுந்துது" என்றாள்.

அது பொய்யில்லை. ஆனால் அவர் படியிறங்கும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் இடி தூரத்தில் கேட்டது. சாக்கு மூட்டையை இழுப்பதுபோல் நீண்ட சத்தம்.

இந்தப் பக்கத்தில் முதல் இடி கேட்டால் ஒரு வீட்டிலும் பிளக் சுவரில் இருக்காது. டி.வி., ஃபிரிட்ஜ், மிக்சி எல்லாவற்றையும் உருவிவிடுவார்கள். வாசலில் நிற்பவர்கூட ஓடிவந்து உருவுவார். போன ஐப்பசியில் ஆலயத்து மைக் செட் இடியில் கரிந்துபோனது. உருவ மறந்தது கோயில்குட்டி எபின். ஆலயத்தைக் கூட்டி, மணியடித்து, பூட்டித் திறப்பவர் அவர். அந்தப் பேச்சை அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எபின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மின்விசிறி. தண்ணீர் சுத்திகரிப்பான். அச்சனுடைய மொபைல் சார்ஜர். ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தார். இயந்திரத்தின் பிளக்கருகே வந்ததும் தயங்கினார்.

"இது எலக்சன் மெஷினில்லா. ஊரணுமா?"

வாசலில் சித்தப்பா நின்றார்.

"எபினே, இடி கேக்கல்லியா? அதெயும் ஊரிப் போடு. மழ விட்டபெறகு குத்தினாப் போரும். கறண்டு போனாலும் ஓட்டு போவாதுண்ணு அந்தப் பிள்ளையே பறஞ்சாளே. கரிஞ்சு போனா ஆரு பதில் சொல்லும்?"

டீச்சரும் தலையசைத்தார். "அது செரியாக்கும். ஷிஜா என்கிட்டயும் பறஞ்சா."

எபின் குனிந்தார்.

ஷிஜா எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் சுவரோரம் முழங்காலிட்டு இரு கையாலும் பிளக்கை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஊராதியோ" என்றாள்.

வரிசையில் நின்ற ஜெஸி அக்கா சிரித்துவிட்டாள். "ஏட்டி, ஷாக்கடிக்கும், விடு! கலியாணம் ஆவாத பிள்ளையாக்கும்."

"ஊராதியோ. ஊரினா ஓட்டு ஒக்க போயிரும்."

சிரிப்பு நின்றது. அவள் வாசல் பக்கம் பார்க்கவில்லை. பிளக்கைப் பார்த்தபடியே சொன்னாள். "சிப்பு இப்பவும் பூட்டித்தான் கெடக்கு. நேத்து பூட்டினது. நான் தெறக்கல்ல. மறந்துட்டேன்."

பிறகு மண்டபம் முழுவதும் ஒரே சத்தம்.

"சத்தியராசுக்க அண்ணன் மவளில்லா! எனக்கு நேத்தே தெரியும்." பொன்னுதாஸின் குரல்.

"போன தடவ பெட்டியெக் கெணத்தில போட்டினும். இந்தத் தடவ பெட்டிக்க உள்ளயே கெணறு வெட்டியாச்சு."

"எலே, அவளெப் பறயண்டாம். அரக்கு வச்சது நீங்களாக்கும்."

நேசமணி அச்சன் மேசையைத் தட்டினார். "எல்லாரும் கொஞ்சம் அடங்கணும். அடங்கணும், மக்கா. டீச்சர் கேக்கட்டும்."

பிரேமகுமாரி டீச்சர் கையைக்கூடக் கழுவாமல் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"இதுவர விழுந்த ஓட்டு இப்ப எங்க இருக்கு?"

"உள்ள ஓடிட்டிருக்கு டீச்சர். கறண்டு இருக்கது வர இருக்கும்."

"போனா?"

"நேத்து போட்ட நாலும் நாலும் வரும்."

"அப்போ இப்பவே ரிசல்ட்டு நோக்கி எழுதி வச்சிருவோம்" என்றார் யாரோ.

"அது நடக்காது" என்றார் டீச்சர். ரிசல்ட் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. "இதெத் திருப்பினா ஓட்டெடுப்பு முடிஞ்சு. பாக்கி நிக்க ஆளுவ வீட்டுக்குப் போவணுமா?" அவர் ஷிஜாவைப் பார்த்தார். "இப்ப என்ன செய்யலாம்? அதெச் சொல்லு."

இரண்டாவது இடி பக்கத்தில் விழுந்தது. டியூப் லைட் ஒருமுறை கண்சிமிட்டியது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். எண் அப்படியே இருந்தது.

"பன்னெண்டு வோல்ட் பேட்டரி ஒண்ணு வேணும்" என்றாள் ஷிஜா. "வண்டிக்க பேட்டரி போரும். அடாப்டர் வயரில சேத்துக் கெட்டினா, கறண்டு போனாலும் நிக்காது."

முற்றத்தில் ஒரே ஒரு பெரிய வண்டிதான் நின்றது. ரப்பர் ஷீட் ஏற்றும் பெட்டி ஆட்டோ. பொன்னுதாஸுடையது.

அவர் அருகே வந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கேன். நீ எதுக்குப் பறஞ்ச? மிண்டாம இருந்தா ஆருக்கும் தெரியாதே."

அவள் பிளக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பொன்னுதாஸ் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அங்கே சித்தப்பா முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றார். பொன்னுதாஸ் அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சித்தப்பாவை உரசியபடி வெளியே போனார். ஸ்பேனரோடு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எபினே, ஒரு பிளேடு எடு. டேப்பு இருக்கா?"

டீச்சர் வாக்குப்பதிவை நிறுத்தி வைத்தார்.

ஷிஜா கம்பியைத் தரையில் நீட்டினாள். உள்ளே இரண்டு இழைகள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கம்பி அது. தோலுரிக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் அடாப்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஒரு கணம் போதும். அதனால் இரண்டையும் ஒரே இடத்தில் உரிக்கவில்லை. இழைகளைப் பிரித்து, ஒன்றை இங்கே, மற்றதை ஒரு சாண் தள்ளி உரித்தாள். பிளேடு வழுக்கியது. உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து மீட்டரை எடுத்து எது பிளஸ் என்று பார்த்தாள். தெரிந்ததுதான். ஆனாலும் இன்னொருமுறை பார்த்தாள். இன்று தெரிந்தது எதையும் அவள் நம்பவில்லை.

"கை வெறைக்காத, மக்கா" என்றார் பொன்னுதாஸ். அவர் பேட்டரியிலிருந்து வந்த இரு கம்பிகளையும் விலக்கிப் பிடித்திருந்தார்.

முதலில் மைனஸ். முறுக்கி டேப் சுற்றினாள்.

மண்டபத்துக்கு வெளியே காற்று எழுந்தது. ஜன்னல் ஒன்று அடித்துக்கொண்டது. அச்சன் கண்ணை மூடியிருந்தார்.

பிளஸ் கம்பியை எடுத்தாள். உரித்த இடத்தில் வைத்து விரலால் அழுத்தினாள். அந்த நேரம் ஜன்னல் முழுவதும் வெள்ளையானது. சத்தமும் கூடவே வந்தது. யாரோ "கர்த்தாவே" என்று கூவினார்கள். டியூப் லைட்டுகள் அணைந்தன.

இருட்டில் ஒரு பச்சை வெளிச்சம் மட்டும் இருந்தது. மேசைமேல் அந்தச் சின்னத் திரை.

"நம்பர் பறயுங்கோ, டீச்சர்" என்றாள் ஷிஜா. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. முறுக்காத கம்பியின்மேல் அவள் விரல் இருந்தது. விரலை எடுத்தால் எல்லாம் போய்விடும்.

டீச்சர் குனிந்து பார்த்து எண்ணை வாசித்தார். பழைய எண்தான்.

"டேப்பு" என்றாள்.

பொன்னுதாஸ் அவள் விரலைச் சுற்றியே டேப்பை ஓட்டினார். அவள் மெல்ல விரலை உருவினாள். அவர் இறுக்கினார். மேலே இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு தரையிலேயே உட்கார்ந்து, "போரும், போரும். எனக்க நெஞ்சு நின்னுபோவும்" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மழை கொட்டியது. பாக்கி வரிசை மொபைல் வெளிச்சத்தில் நகர்ந்தது. ஒவ்வொருவரும் பொத்தானை அமுக்கியபின் நின்று, திரையில் எண் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஷிஜா பேட்டரியின் பக்கத்திலேயே, அந்த டேப்பை யாரும் மிதிக்காதபடி உட்கார்ந்திருந்தாள். நாகர்கோவில் கலியாணத்துக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

நேரம் முடிந்ததும் டீச்சர் சாவியைத் திருப்பினார். இரு பக்கத்து ஆட்களும் திரைமேல் கவிந்தார்கள். பொன்னுதாஸ் பதினொரு வாக்கு அதிகம். டீச்சர் தாளில் எழுதினார். பொன்னுதாஸ் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா வந்தார். பேனாவை வாங்கினார். யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"இனி ஊரலாமா?" என்று கேட்டார் பொன்னுதாஸ். "பேட்டரி இல்லாம இருந்தா என்ன காட்டியிருக்கும்ணு எனக்கு நோக்கணும்."

ஷிஜா டேப்பை அவிழ்த்தாள். திரை அணைந்தது. எடுத்த பேட்டரிக் கம்பியை மறுபடி சேர்த்தாள். இயந்திரம் விழித்து, சிப்பை வாசித்து, திரையில் காட்டியது.

பொன்னுதாஸ் 4. சத்தியராஜ் 4.

பூட்டிய சிப் சொன்னதைத்தான் செய்திருந்தது. சித்தப்பா மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவள் இயந்திரத்தைப் பைக்குள் வைத்து வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. காலையில் அவள் வந்தது சித்தப்பாவின் பைக்கில். அது போயிருக்கும் என்று நினைத்தாள். வாசலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறு" என்றார்.

குன்னத்துகால் இறக்கத்தில் தண்ணீர் கரைபுரண்டு ஓடியது. அவர் மெதுவாக ஓட்டினார். வளைவு திரும்பியபிறகுதான் கேட்டார்.

"நீ எனக்கு ஓட்டு போட்டியா?"

"போட்டேன். காலையிலயே."

"அது இப்ப எங்க இருக்கு?"

அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"எங்கயும் இல்ல, சித்தப்பா. எண்ணியாச்சு."

மழை மறுபடி வலுத்தது. அவர் பைக்கை ஓரமாக நிறுத்தி, தன் மழைக்கோட்டை அவிழ்த்து, திரும்பாமலேயே பின்னால் நீட்டினார்.

"அந்தப் பை மேல போடு" என்றார். "நனையப்படாது."